தெரிஞ்ச கணக்கே தப்போன்னு தோணுது டொக்டர்

கேள்வி: வயசு 27. பொகவந்தலாவ பக்கம் தோட்டம், எங்க லயத்துல கெம்பஸ் போன மொத ஆள் நான், இப்ப கணக்கு டீச்சர். போர்ட்ல எழுதுன விடைய மூணு தரம் பாப்பேன், வீட்டுக்கு வந்தும் கொப்பிய எடுத்து பாப்பேன். எல்லாம் சரியாத்தான் இருக்கும், ஆனாலும் ஒருநாள் மாட்டிக்குவேன்னு பயம். இது வருத்தமா?

பதில்: வருத்தம்னு பேர் வைக்க நான் அவசரப்பட மாட்டேன் டீச்சர். 1978ல போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதத்தான் எழுதுனாங்க, நல்லா படிச்சு முன்னுக்கு வந்த பொம்பளைங்க, பட்டம் கையில இருந்தும் ஊர ஏமாத்துறமோன்னு உள்ளுக்குள்ள நடுங்குறாங்கன்னு. இம்போஸ்டர்னு சொல்றது அதுதான், நோய்ப்பட்டியல்ல கிடையாது. தராசுல நிறுத்த தேயிலக் கொழுந்துல ரெண்டு கிலோ கழிச்சா வாய மூடிக்கிட்டு நின்ன சனத்துல இருந்து வந்த புள்ளைக்கு, நம்மளையும் யாராச்சும் கழிச்சிருவாங்கன்னு தோணுறது எனக்கு ஆச்சரியமா இல்ல.

எனக்கு உறுத்துறது அந்த கொப்பி விஷயம். கம்ப்யூட்டர்ல காட்டுன கேஸ் அடுப்ப மூடுனமான்னு திரும்பத் திரும்ப செக் பண்ண வச்சு ஆராய்ச்சி செஞ்சிருக்காங்க, ஞாபகம் பெருசா கெடல, அது மேல இருந்த நம்பிக்கை தான் விழுந்துச்சு. அதாவது பாக்க பாக்க சந்தேகம் கூடும், குறையாது. (நானும் இன்டர்ன் காலத்துல மருந்து அளவு எழுதிட்டு பாதி ராத்திரியில வார்ட்டுக்கு திரும்பி ஓடுனவன் தான்.)

அதனால போர்ட்ல ஒரே ஒரு தரம் பாருங்க, வீட்டுல கொப்பி பேக்குக்குள்ளயே இருக்கட்டும், மத்த டீச்சர்மார்கிட்ட சரிதானேன்னு கேக்குறதும் வேணாம், அதுவும் செக் பண்றது தான். மொத நாலஞ்சு நாள் நெஞ்சு அடிச்சுக்கும், கைய கட்டிக்கிட்டு இருந்தா தானா இறங்கும். ஒரு புள்ள "டீச்சர் அது பிழை"ன்னா அழிச்சிட்டு எழுதுங்க, அவ்வளவுதான்.

செக் பண்றதுலயே தெனம் ஒரு மணித்தியாலம் போகுதுன்னா, இல்ல ரெண்டு கிழமையா தூக்கமில்லாம எதுலயும் மனசு ஒட்டலன்னா அது வேற, அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கு போங்க, காசு இல்ல, பேசியே குணமாக்குற வைத்தியமும் இருக்கு. சாகலாம் போல நெனப்பு வந்தா காத்திருக்காம உடனே 1926ங்கிற மனநல உதவி நம்பருக்கு கோல் எடுங்க.

அப்படியே ஹீமோகுளோபினும் தைரொய்டும் ஒருக்கா பாத்துருங்க, அதுங்க குறைஞ்சாலும் அசதியா மனசு சோர்ந்து கிடக்கும். சோத்தோட பிளேன்டீ குடிக்கிற பழக்கம் இருந்தா ஒரு மணித்தியாலம் தள்ளி குடிங்க, சாப்பாட்டுல உள்ள இரும்புச்சத்த அது ஒழுங்கா சேர விடாது.