கழுத்தில் நெறி: முதலில் தலையைப் பாருங்கள்

நான்கு பக்கக் கடிதத்தில் 'புற்றுநோய்' என்று நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. 'அந்த வருத்தம்' என்று மட்டும் மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் 5 வயது மகள். பின்கழுத்தில் 2 மாதமாகக் கடலைப்பருப்பளவில் மூன்று நெறிக்கட்டுகள். இரவில் தலை வியர்க்கிறது, கால் நோகிறது, சாப்பாட்டில் மனமில்லை. இதையெல்லாம் சேர்த்து நடுச்சாமத்தில் போனில் தேடினால் லியூக்கீமியா, அதாவது இரத்தப் புற்றுநோய் என்றுதான் வரும்.

பிள்ளை ஓடித் திரிகிறாள், நிறை குறையவில்லை, தொட்டால் நெறி வழுக்கி அசைகிறது என்கிறீர்கள். அந்த வருத்தத்தின் சாயல் இதில் தெரியவில்லை. சுகமான பிள்ளைகளின் கழுத்தைத் தடவினாலும் இந்த வயதில் நெறி தட்டுப்படும். தடிமன், தொண்டை நோ, சூத்தைப் பல் என்று ஒன்று மாறி ஒன்று வரும். நெறி கட்ட இரண்டு நாள் போதும், வற்ற வாரக்கணக்காகும், சிலவேளை மாதக்கணக்கும் ஆகும். பின்கழுத்து என்றால் நான் முதலில் பார்ப்பது தலையை: பேன், சொறிந்த புண்.

இரவில் தலை வியர்ப்பது கொழும்பு வெக்கை. பின்னேரம் இரண்டு காலும் நொந்து, தடவிவிட்டால் ஆறி, காலையில் துள்ளி ஓடினால் அது வளரும் வயது நோ. சாப்பாடு? நிறை ஏறுகிறதென்றால் விடுங்கள்.

நான் பயப்படும் இடம் வேறு. பிள்ளை தோளைக் குறுக்கினால் காறை எலும்புக்கு மேலே ஒரு குழி விழுமே, அங்கே நெறி தட்டுப்பட்டால் அளவு பார்க்க வேண்டாம். பயற்றளவு என்றாலும் அந்த வாரமே காட்டுங்கள். தடிமனுக்கெல்லாம் அங்கே நெறி கட்டாது. நெஞ்சுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ ஏதோ இருக்கலாம். மற்ற இடத்து நெறி 2 சென்ரிமீற்றரைத் தாண்டி, கல்லுப்போல, நோகாமல் பெருத்துக்கொண்டு போனாலும் அப்படித்தான். பிள்ளை வெளிறினால், அடிபடாத இடத்தில் கண்டல் வந்தால், அன்றைக்கே.

எனக்குக் கோபம் வந்தது அந்தச் சிரப்பால். வீக்கம் வற்ற என்று பாமசியில் கேட்டு 5 நாள் பிரெட்னிசலோன் கொடுத்தீர்களாம். அது ஸ்டீரொயிட். உண்மையிலேயே லியூக்கீமியா இருந்திருந்தால் அது நெறியைச் சுருக்கி, இரத்தத்திலும் தடயத்தைக் கலைத்து, நோயைக் கண்டுபிடிப்பதைப் பிந்தவைத்திருக்கும். எதற்குப் பயந்தீர்களோ அதற்கே ஒளிக்க இடம் கொடுத்திருப்பீர்கள்! இந்த மருந்து உள்ளே போனதாலும் 2 மாதம் ஆனதாலும் ஒருதடவை பிள்ளை டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். சிரப் கொடுத்ததை அவரிடம் மறைக்காதீர்கள்.

ஸ்கூல் வான் வருமுன் ஒருக்கால், படுக்கும்போது ஒருக்கால் கழுத்தை அழுத்திப் பார்க்கிறீர்கள். நசுக்கிக்கொண்டே இருந்தால் நெறி நோகும், வற்றவும் விடாது. இப்போது மகளும் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் கழுத்தைத் தடவுகிறாளாம். கலண்டரில் ஒன்றுவிட்ட ஞாயிறுகளுக்கு வட்டம் போடுங்கள். அன்றைக்கு மட்டும் பார்த்து, அளவை எழுதிவையுங்கள்.

டொக்டர் எஃப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும் சோதனை) எடுக்கச் சொன்னால், அறிக்கையில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுவுக்குப் பக்கத்தில் 'கூடுதல்' என்று குறி விழலாம். சில லாப்களில் அச்சாகும் அளவு பெரியவர்களுக்கானது. சின்னப் பிள்ளைகளுக்கு லிம்ஃபோசைட் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அதையும் போனில் தேடாமல், மடித்துக் கொண்டுபோய் டொக்டரிடம் கொடுங்கள். சரி, இன்றைக்குப் பின்னேரம் பேன் சீப்பை எடுங்கள்.