ஒரே அறையில் மூன்று வகுப்பு: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. மொத்தம் 29 பிள்ளைகள். தலைமையாசிரியர் 4, 5ஆம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். 1, 2, 3ஆம் வகுப்புகள் என்னிடம். 17 பேர், ஒரே அறை. ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தினால் மற்ற இரண்டும் கலைந்துபோகின்றன. மூன்றாம் வகுப்பில் நான்கு பேருக்கு வாசிக்கவே வரவில்லை. ஆனால் பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று சொல்கிறார்கள்! பயிற்சி நூலில் பக்கங்கள் பாக்கி நிற்கின்றன. பார்வைக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் நடுவில் இரண்டு மூன்று மாதம் காணாமல் போகிறார்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்பது சரிதானா? நடைமுறையில் என்ன செய்யலாம் என்று எழுதுவீர்களா? என் பெயரும் ஊரும் வேண்டாம்.

ஓர் இடைநிலை ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

சரிதானா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணைப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. சட்டம் தலையை எண்ணுகிறதே தவிர வகுப்பை எண்ணவில்லை. அதை எதிர்த்துப் பேச வேண்டியதுதான். ஆனால் திங்கட்கிழமை காலை அந்த அறையில் நிற்கப்போவது நீங்கள். மூன்றாவது ஆசிரியர் வரமாட்டார் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

முதல் வேலை, 17 பேரையும் தனித்தனியே வாசிக்கவைத்துப் பார்ப்பது. ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். எல்லாருக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. மூன்று நாளில் பிரித்துச் செய்யலாம். வராந்தாவில் வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் வைத்தால் பக்கத்துப் பிள்ளை உதட்டை அசைத்துச் சொல்லிக்கொடுத்துவிடும். கையில் நான்கு சீட்டு இருக்கட்டும். ஒன்றில் வரிசை மாற்றி எழுதிய பத்து எழுத்து. இன்னொன்றில் புள்ளியும் துணைக்காலும் மட்டும் வரும் பத்துச் சொல். மூன்றாவதில் கொம்பு, சுழி எல்லாம் கலந்த பத்துச் சொல். நான்காவதில் பிள்ளை அதுவரை பார்த்திராத நாலு வரிக் கதை, அதை ஒட்டி இரண்டு கேள்வி. எந்தச் சீட்டில் திணறுகிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதுதான் அந்தப் பிள்ளையின் வகுப்பு, வருகைப் பதிவேடு என்ன சொன்னாலும்.

கடகடவென்று சொல்கிற நான்கு பேர் விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரி. பக்கத்தில் உள்ள படத்தைக் கையால் மறைத்துவிட்டு, நடுவரியில் ஒரு சொல்லின்மேல் விரல் வைத்து "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை வரியின் தொடக்கத்துக்கு ஓடிப்போய், முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லில் நிற்கும். வாசிக்கத் தெரிந்த பிள்ளை அந்த இடத்தைத்தான் பார்க்கும்.

சோதித்து முடித்ததும் மூன்று குழுக்கள் தானாகவே விழும். சிறு வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் வரவைக்க அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022இல் வந்தபோது, கீழ்நிலையிலிருந்து மேலாகக் கொடுத்த அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்களே போதும். தமிழுக்கு ஒரு பிரிப்பு, கணக்குக்கு வேறு பிரிப்பு வைத்துக்கொள்ளுங்கள். இது முக்கியம். மூன்றாம் வகுப்புப் பையனை முதல் வகுப்புக் குழந்தைகளோடு நாள் முழுக்க உட்காரவைத்தால் பத்தே நாளில் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றுவிடுவான். வாசிப்பில் அரும்பாக இருக்கிறவன் கணக்கில் மலராக இருப்பது சாதாரணமாகக் காண்பது. சில்லறைக் கணக்கு அவனுக்குக் கடையிலேயே வந்திருக்கும்.

இனி நேரம். தமிழுக்கு 90 நிமிடம் எடுத்துக்கொண்டால், முதல் 15 நிமிடம் எல்லாரும் ஒன்றாக: பாட்டு, கதை, நேற்று ஊரில் நடந்தது பற்றிப் பேச்சு. அடுத்த 60 நிமிடம் மூன்று இருபதுகள். ஒவ்வொரு இருபதிலும் ஒரு குழுவோடு நீங்கள் தரையில் உட்காருகிறீர்கள். மற்ற இரண்டும் தாமாக வேலை செய்கின்றன. கடைசி 15 நிமிடம் நீங்கள் ஒரு கதைப் புத்தகத்தை உரக்க வாசிக்க, எல்லாரும் கேட்கிறார்கள். நேரம் போதவில்லை என்று இந்தக் கடைசிக் கால் மணியைத்தான் எல்லாரும் வெட்டுவார்கள். வெட்டாதீர்கள். வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்கு எழுத்துநடைத் தமிழ் காதில் விழும் இடம் அது ஒன்றுதான்.

கலைந்துபோவது எங்கே என்று கவனித்தால், பெரும்பாலும் எட்டாவது நிமிடம். கொடுத்த வேலை முடிந்துவிடும், அடுத்து என்ன என்று தெரியாது. அதனால் தனிவேலை என்பது, பிள்ளை கேட்காமல் தொடங்கக்கூடியதாக, தானே சரிபார்க்கக்கூடியதாக, முடிந்தபின் தொட இன்னொன்று உள்ளதாக இருக்க வேண்டும். அரும்புக்கு, தரையில் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதிய எழுத்தின்மேல் புளியங்கொட்டை அடுக்குதல், பிறகு சிலேட்டில் எழுதுதல். மொட்டுக்கு, முன்பக்கம் சொல்லும் பின்பக்கம் படமும் உள்ள 12 அட்டை. வாசி, திருப்பு, தப்பினதை மட்டும் சுவர்ப்பலகையில் எழுது. மலருக்கு, ஒரு கதைத்தாளை வாசித்து, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க மூன்று கேள்வி எழுதுதல். முடித்தவர்களுக்கு மூலையில் ஒரு பெட்டி நிறையச் சிறு புத்தகங்கள். ஒரு விதியையும் முதல் வாரத்திலேயே பழக்குங்கள்: சந்தேகம் வந்தால் பக்கத்தில் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆசிரியரிடம் வர வேண்டும். கை தூக்கியவர்களுக்கெல்லாம் நீங்கள் இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னால், உங்கள் முன் இருக்கும் குழுவுக்கு 20 நிமிடத்தில் எட்டுகூட மிஞ்சாது.

இது புதிய யோசனை ஒன்றுமில்லை. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியில் வேர்விட்டு, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலின் சாரமே இதுதான். அதில் பிள்ளைகள் 'ஏணி' என்ற படிவரிசைப்படி, தட்டுகளில் அடுக்கிய அட்டைகளை எடுத்து அவரவர் வேகத்தில் கற்பார்கள். அன்று அதைத் தூற்றியவர்கள் அதிகம். தூற்ற இடமும் இருந்தது: அட்டைகளில் ஒரு தட்டு தொலைந்தால் ஏணியில் ஒரு படியே போய்விடும், ஆசிரியர் அடைவு அட்டவணையை நிரப்பிக்கொண்டிருக்க, பிள்ளைகள் தனித்தனியே அட்டை புரட்டிக்கொண்டிருப்பார்கள், சேர்ந்து கதை கேட்பது குறைந்தது. ஆனால் ஒரு வகுப்பை ஒரே நேரத்தில் பல குழுவாக நடத்த முடியும் என்று அது காட்டியது. உங்கள் அறைச் சுவரில் முழங்கால் உயரத்தில் கறுப்புப் பட்டை இருந்தால், மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இருந்தால், அவை அந்தக் காலத்துத் தாழ்நிலைக் கரும்பலகையும் கம்பிப் பந்தலும். சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது சேர்த்து அடித்துவிடச் சம்மதிக்காதீர்கள். 17 பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுத, நீங்கள் ஒரு சுற்று நடந்தாலே எல்லாருடைய பிழையும் தெரியும்.

இப்போது அந்த நான்கு பேர். இவர்கள் மூன்று வருடமாக "அ-அம்மா, ஆ-ஆடு" என்று கூட்டமாகக் கத்தியிருப்பார்கள். 247 எழுத்து அட்டவணையைப் பாட்டாகச் சொல்வார்கள். நடுவில் ஒன்றைத் தொட்டால் தெரியாது. அட்டவணையை மூடிவையுங்கள். ட, ப, ம, ர, ல ஆகிய ஐந்து எழுத்தோடு தொடங்குங்கள். புள்ளியையும் உடனே கொடுங்கள். படம், மடம், பட்டம், மட்டம், மரம், பல், பலம், மலர், படல், ரம்பம். இரண்டாம் வாரம் துணைக்கால்: பால், பாடம், மாடம், பாலம், மாமா, பாப்பா, டமாரம், மரப்பாலம். ஐந்து எழுத்தில் பதினெட்டுச் சொல். 'படல்' என்றால் என்னவென்று அவர்கள் உங்களுக்கே சொல்வார்கள். பிறகு வாரம் மூன்று எழுத்துக்குமேல் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை புதிய எழுத்து கிடையாது. அந்த வாரத்துச் சொற்களைக் கொண்டு வாக்கியம் வாசிப்பது மட்டும். ங, ஞ இரண்டையும் 'தங்கம்', 'பஞ்சு' போன்ற சொற்களோடு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குறியீடுகளில் இடறும் இடங்கள் இரண்டு. ஒன்று, கொம்பு. வாயில் 'ம்' முதலில், 'எ' பிறகு. தாளில் கொம்பு முதலில், ம பிறகு. 'மொ'வில் எழுத்தின் இரு பக்கமும் குறி. பிள்ளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பிடித்து வாசிக்கப் பார்த்து, 'மொட்டு' என்பதை 'மெ...' என்று தொடங்கி நின்றுவிடும். கொம்பைக் கண்டதும் அடுத்த எழுத்தையும் சேர்த்து ஒரே பெட்டியாகப் பார்க்கப் பழக்க வேண்டும். பென்சிலால் வட்டம் போட்டு வாசிக்கச் செய்வது ஒரு வாரத்தில் பலன் தரும்.

இன்னொன்று, உகரம். இதை ஒரே குறி என்று சொல்லிக்கொடுப்பதுதான் தவறு. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு சாயல். சு, பு, யு, வு இன்னொன்று. ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. மூன்றையும் தனித்தனிக் கொத்தாக, கொத்துக்கு மூன்று நாள் கொடுங்கள். ஊகாரத்தில் கூ, சூ இரண்டையும் தனியே காட்டுங்கள். பூவைப் பார்த்து அவற்றை ஊகிக்க முடியாது.

எழுதும்போது வரும் பிழைகளில் பாதி, பிழையே அல்ல. 'இலை'யை 'எல' என்றும் 'உடம்பு'வை 'ஒடம்பு' என்றும் எழுதும் பிள்ளை, வீட்டில் பேசுவதைச் சரியாகவே காதால் பிடித்து எழுதியிருக்கிறது. அதற்குச் சிவப்பு மை வேண்டாம். 'நாம பேசறது எல, புத்தகத்துல இலை' என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். ல-ள-ழ, ர-ற திருத்தத்தை வாசிப்பு வரும்வரை தள்ளிப்போடுங்கள். ஒரு விதி மட்டும் இப்போதே பயன்படும்: சொல்லின் முதலில் வருவது ந மட்டும்; ன, ண இரண்டும் சொல்லுக்கு முதலில் வராது.

விடாமல் வந்தால் நான்கு மாதத்தில் இவர்கள் தடவித் தடவி வாசிப்பார்கள். சரளம் அதற்கப்புறம்.

கணக்கைப் பற்றி ஒன்று மட்டும். 'தொண்ணூறு' என்ற சொல்லுக்குள் நூறும் 'தொள்ளாயிரம்' என்ற சொல்லுக்குள் ஆயிரமும் ஒளிந்திருக்கின்றன. 'நூற்று ஐந்து' என்றால் 1005 என்றும், 'தொண்ணூற்று ஐந்து' என்றால் 905 என்றும் எழுதுவது காதை நம்பியதால். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, 95 என்பதை ஒன்பது கட்டும் ஐந்து உதிரியுமாகக் கையில் எடுக்கவைத்த பிறகே எழுதச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிப்பதும் அந்தக் கட்டைப் பிரித்தால்தான் விளங்கும். இல்லாவிட்டால் 42இல் 17 போனால் 35 என்பார்கள், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து.

தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போகும் நாளில் 29 பேரும் உங்கள் தலையில். அன்றைக்கென்று ஒரு பெட்டி முன்கூட்டியே இருக்க வேண்டும், அன்று காலையில் யோசித்தால் நடக்காது. காலையில் 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னப் பிள்ளையோடு 15 நிமிடம் வாசிக்கட்டும். அதற்குமேல் வேண்டாம், நன்றாகப் படிக்கிற ஐந்தாம் வகுப்புப் பெண்ணைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையாக்கிவிட்டால் அவள் படிப்பு நிற்கும். பிறகு எல்லாரும் ஒரே கதை கேட்டு, நிலைக்கேற்ப ஒருவர் படம் வரைய, ஒருவர் பெயர் எழுத, ஒருவர் முடிவை மாற்றி எழுத. மதியம் அளவை: வராந்தா நீளம், மரச் சுற்றளவு, சத்துணவுக் கூடத்தில் எத்தனை பாத்திரம்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா ஊர் அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்ததிலிருந்து, பிள்ளைகள் மணியடிப்பதற்கு வெகுநேரம் முன்பே வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்து வழிபாட்டுக் கூட்டம் வரை சும்மா கிடக்கும் நேரம் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. கம்பிப் பந்தலில் புத்தகங்களைத் துணிக்கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். அலமாரிக்குள் பூட்டிய புத்தகத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

கரும்பு வெட்டப் போகும் பிள்ளைகள்: கிளம்பும் தேதி ஊரில் முன்பே தெரியும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்றைய நிலையை எழுதிவையுங்கள்: எந்தச் சீட்டு, எந்த எழுத்துவரை. வாசித்துப் பழகிய சொல்லட்டைகளில் இருபதை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். திரும்பியதும் வகுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே உட்காரவைக்காமல், அதே நான்கு சீட்டுச் சோதனை. பெரும்பாலும் ஒரு படி கீழே இறங்கியிருப்பார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

பயிற்சி நூலின் பாக்கிப் பக்கங்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்தெழுத வைக்காதீர்கள்; எது தெரியாது என்பதற்கு இருந்த ஒரே தடயமும் அதோடு அழிந்துவிடும். பிள்ளையின் நிலைக்கு எட்டாத பக்கத்தை வெறுமையாக விட்டு, மேல்மூலையில் பென்சிலால் நிலையையும் தேதியையும் குறியுங்கள். 17 பேருக்கும் ஆளுக்கொரு வரியாக, மாதம் ஒருமுறை சீட்டுச் சோதனை முடிவை எழுதிய ஒற்றைத்தாள் மேசைமேல் இருக்கட்டும். பார்வைக்கு வருகிறவர் நூலைப் புரட்டி "ஏன் காலி?" என்று கேட்டால், தாளில் அந்தப் பெயரைக் காட்டி, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, இந்த மாதச் சீட்டை அவர் கையிலேயே கொடுத்து வாசிக்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.