கல் பெஞ்சுக்கு வயது என்ன? பூங்காவில் பூமியையும் காலநிலையையும் கற்பிப்பது பற்றிக் கேள்வி பதில்

அரசுப் பள்ளியில் நெடுநாள் புவியியல் கற்பித்தவன் நான். பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போய்ப் பாடம் நடத்துவது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: எங்கள் பள்ளி சென்னையில் இருக்கிறது. பக்கத்தில் நாலு ஊஞ்சலும் ஒரு நடைபாதையும் உள்ள மாநகராட்சிப் பூங்காதான் உண்டு. அங்கே பூமியைப் பற்றி என்ன சொல்லித்தர முடியும்? (ஏழாம் வகுப்பு ஆசிரியை)

கல் பெஞ்சிலிருந்து தொடங்குங்கள் அம்மா. அதன் உடைந்த முனை எண்ணெய் பூசியதுபோலக் கரும்பச்சையாக மினுங்கினால், அது சார்னோக்கைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை அது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான ஜாப் சார்னாக்கின் கல்லறை கொல்கத்தாவில் இருக்கிறது. அதற்கு இங்கிருந்து கல் போனது. அந்தக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். பரங்கிமலையில் இந்தப் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். வயது சுமார் 250 கோடி ஆண்டு.

இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினால் ஒரு பிள்ளைக்கும் உறைக்காது. நடைபாதையில் நடக்க விடுங்கள். ஓர் எட்டுக்கு ஒரு கோடி ஆண்டு. மொத்தம் 250 எட்டு. டைனோசர்கள் அழிந்த காலம், நடை முடிவதற்கு ஏழு காலடி முன்னால் வரும். நம் மனித இனம் தோன்றி மூன்று லட்சம் ஆண்டுதான். அது கடைசி எட்டில் ஒரு கட்டைவிரல் அகலம். பிள்ளைகள் குனிந்து தரையில் விரலை வைத்துப் பார்ப்பார்கள். அப்போது பேசாமல் இருங்கள்.

கேள்வி: ஒரு நாள் பூங்காவில் வெப்பநிலை அளந்தால் காலநிலை மாற்றம் புரிந்துவிடுமா? (அறிவியல் மன்றப் பொறுப்பாளர்)

புரியாது. ஒரு நாள் அளப்பது வானிலை. வழக்கமாக 30 ஆண்டுச் சராசரியைத்தான் காலநிலை என்கிறோம். முதலில் அந்த வேறுபாட்டைப் பதிய வையுங்கள். ஆனால் வெப்பம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே மதியத்தில் காட்டிவிடலாம். வேப்ப மர நிழல், புல்வெளி, சிமெண்டுத் தரை ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே உயரத்தில் வெப்பமானியைப் பிடிக்க வேண்டும். குமிழின் மேல் நேர் வெயில் படாமல் அட்டையால் மறைக்க வேண்டும். இதை மறந்தால் அளப்பது காற்றின் வெப்பமாக இருக்காது, சூடேறிய கண்ணாடியின் வெப்பமாகிவிடும். பல பள்ளிகளில் நான் கண்ட பிழை இது.

கூடவே, இலைகள் நிறைந்த ஒரு சிறு கிளையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி வெயிலில் விடுங்கள். சற்று நேரத்தில் பையின் உட்புறம் முத்து முத்தாக நீர் துளிர்க்கும். இலை விட்ட நீராவி அது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொள்கிறது. மரத்தடி குளிர்வதற்கு நிழல் மட்டுமே காரணமல்ல. மரம் ஆக்சிஜன் தரும் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இந்தத் துளிகளைத்தான் அவர்கள் பார்த்ததில்லை.

கேள்வி: மழையையும் வெள்ளத்தையும் எப்படிக் காட்டுவது? (தலைமை ஆசிரியர்)

அடியும் மூடியும் நீக்கிய பால் பவுடர் டின் இரண்டு போதும். ஒன்றை மரத்தடி மண்ணிலும், இன்னொன்றை எல்லோரும் மிதித்து இறுகிய பாதையிலும் இரண்டு விரல் ஆழம் அழுத்தி, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, வற்றும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்தக் கணக்கோடு பள்ளிக் கூரையின் பரப்பைப் பெருக்கினால், 2015 டிசம்பரில் சென்னை ஏன் மூழ்கியது என்று அவர்களே கேட்பார்கள். பெருமழை ஒரு காரணம், நீர் இறங்க மண் இல்லாதது இன்னொரு காரணம்.

கேள்வி: திருவக்கரைக்கு அழைத்துப் போவது பயன் தருமா? (விழுப்புரம் மாவட்ட ஆசிரியர்)

கட்டாயம் போங்கள் சார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை காக்கும் தேசியக் கல்மரப் பூங்கா உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. சுமார் இரண்டு கோடி ஆண்டு பழைய அடிமரங்கள் செம்மண்ணில் கிடக்கின்றன. வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊரில் சொல்லும் கதையையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். விசித்திரமான ஒன்றைக் கண்ட மனிதர்கள் அதற்கு விளக்கம் தேடியிருக்கிறார்கள். அறிவியலும் அங்கேதான் தொடங்குகிறது.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கிளை எங்கே? வேர் எங்கே? இலை எங்கே?" தேடுவார்கள், கிடைக்காது. மரங்கள் அங்கே வளரவில்லை, வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்தது என்ற முடிவுக்கு நிலவியலாளர்கள் வந்ததும் இப்படித்தான். மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளில் படிந்து மரத்தைக் கல்லாக்கியது. மர நார் ஓடிய வரிகள் இன்றும் தெரியும்.

கேள்வி: அறுபது பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது?

குழுவுக்கு பத்துப் பேர், ஆளுக்கு ஒரு வேலை. எல்லோரையும் ஒரே மரத்தைச் சுற்றி நிறுத்தினால் முன்வரிசைதான் படிக்கும்.

கேள்வி: காலநிலை மாற்றத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து என் மகள் பயப்படுகிறாள். பூங்கா வகுப்பு பயத்தைக் கூட்டாதா? (ஒரு தாய்)

உண்மையை மறைக்காதீர்கள் அம்மா. 1958இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 315 கார்பன் டை ஆக்சைடு. இன்று 420க்கு மேல். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பது குறையாமல், மரம் நட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது குழந்தையை ஏமாற்றுவது. ஆனால் அவளுக்கென்று ஒரு மரம் இருக்கட்டும். சரக்கொன்றையில் முதல் பூ எந்தத் தேதியில் மலர்ந்தது, வேம்பு எப்போது துளிர்த்தது என்று ஆண்டுதோறும் எழுதட்டும். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் இந்தியா முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் இப்படிக் குறித்து அனுப்புகிறார்கள். பயந்த குழந்தைக்குக் கையில் ஒரு வேலை வேண்டும்.

கேள்வி: ஐயா, திருவக்கரையிலிருந்து சின்னக் கல்மரத் துண்டு ஒன்றை எடுத்து வந்துவிட்டேன். தவறா? (எட்டாம் வகுப்பு மாணவன்)

தவறுதான் தம்பி. ஒளிக்காமல் கேட்டாயே, அதில் எனக்கு மகிழ்ச்சி. கிடந்த இடத்தில் இருக்கும்வரைதான் அந்தக் கல் பேசும். எந்த மண்ணில், எந்தத் திசையில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதும் அதன் கதையில் பாதி. எடுத்த இடம் மறந்து போவதற்குள் நோட்டில் படமாக வரைந்து வை. பிறகு ஆசிரியரோடு போய்ப் பூங்காப் பணியாளரிடம் கல்லையும் படத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடு.