அடித்தவர்களிடம் என்ன சொன்னீர்கள்?

கேள்வி: எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையன் நெளிந்து நெளிந்து நடக்கிறான். கண்ணுக்கு மை, நகத்துக்கு வெளிர் ரோஜா நிற பாலிஷ். ஆண்டு விழாவில் கரகம் ஆடிப் பரிசு வாங்கினான். ‘எனக்குப் பசங்களைத்தான் பிடிக்கும்’ என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டான். இடைவேளையில் பெண்களோடுதான் உட்காருகிறான். மற்ற பையன்கள் கிண்டல் செய்கிறார்கள், ஒரு முறை கைவைத்தும் விட்டார்கள். ‘இரண்டு வருஷம் அடக்கமாக இரு, அப்புறம் உன் இஷ்டம்’ என்றேன். தவறா? அவன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியர், கரூர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், சார். பாலிஷின் நிறம்வரை எழுதியிருக்கிறீர்கள். கைவைத்தவன் யார், அவனை யார் கூப்பிட்டுக் கண்டித்தார்கள் என்று ஒரு வரி இல்லை. ‘கைவைத்தும் விட்டார்கள்’ என்பதை ‘மழையும் பெய்துவிட்டது’ என்பதுபோல் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்.

இதே அறிவுரையை அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்லண்ட் என்ற சிறு ஊரில் ஒரு பள்ளி சொல்லிப் பார்த்தது. ஜேமி நபோஸ்னி என்ற மாணவன் தன்பால் ஈர்ப்புள்ளவன் என்று தெரிந்ததும் உடன் படித்தவர்கள் வருஷக்கணக்கில் அடித்தார்கள். புகார் சொல்லப் போனால், இப்படி வெளிப்படையாக இருந்தால் இதெல்லாம் நடக்கத்தான் செய்யும் என்று தலைமையாசிரியரே சொன்னார். ஒரு நாள் வயிற்றில் விழுந்த உதையில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்தது. பதினோராம் வகுப்போடு பள்ளியை விட்டான். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. 1996-இல் பள்ளி நிர்வாகிகள்தான் பொறுப்பு என்று நடுவர் குழு சொன்னது. சமரசத் தொகை 9 லட்சம் டாலருக்கு மேல். அடக்கமாக இருக்கச் சொல்வது செலவில்லாத யோசனை என்று நம் நிர்வாகங்கள் நினைக்கின்றன, அதனால் தொகையையும் சொல்லிவைக்கிறேன்.

அப்புறம் அந்தக் கரகம். தலையில் குடம் அசையாமல் நிற்க, இடுப்பு மட்டும் வளைந்தபோது நீங்களும்தானே கைதட்டியிருப்பீர்கள்? மேடையில் பரிசு வாங்கும் நெளிவு மறுநாள் வராந்தாவில் குற்றமாகிவிடுகிறது. சிவாஜி சிறுவனாகச் சீதை வேடம் கட்டியதையும், டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்து ‘அவ்வை’ என்ற பட்டத்தோடே வாழ்ந்ததையும் பெருமையாகப் பேசுகிற ஊர் இது. (பெண் வேடம் வேறு, யார்மீது ஈர்ப்பு என்பது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆண்பிள்ளை என்றால் இப்படித்தான் நடப்பான் என்ற சட்டம் நம்மிடம் எப்போதும் இருந்ததில்லை என்பதற்காகச் சொன்னேன்.)

மையும் பாலிஷும் பள்ளி விதிக்கு விரோதம் என்றால், சரி, சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்பாவைக் கூப்பிடாதீர்கள். அவன் வகுப்பில் சொன்னான், வீட்டில் சொல்லவில்லை. எங்கே சொல்லலாம், எங்கே கூடாது என்று பதினாறு வயதுப் பிள்ளை கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். நீங்கள் போன் செய்தால் அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மந்திரிக்கிறவரிடமோ ‘சரிசெய்கிற’ டாக்டரிடமோ இழுத்துப் போனாலும் போவார்கள். அப்படிச் சரிசெய்ய முயல்வதற்கே சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7-ஆம் தேதி தடை விதித்திருக்கிறது. அந்த உத்தரவைப் போட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, முதலில் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பெற்றோர்-ஆசிரியர் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருக்கிறது. பேச வேண்டும் என்று தோன்றினால் அங்கே பேசுங்கள், எல்லாப் பெற்றோரிடமும், யார் பெயரையும் சொல்லாமல். கைவைத்த பையனின் அப்பாவும் அங்கே இருப்பார் அல்லவா?

இடைவேளையில் பெண்களோடு உட்காருகிறான் என்பதைப் புகாராக எழுதியிருக்கிறீர்கள். இத்தனை பேர் இருக்கும் பள்ளியில் பயமில்லாமல் டிபன் பாக்ஸைத் திறக்க அவனாகவே ஓர் இடம் பிடித்திருக்கிறான், சார். தயவுசெய்து அங்கிருந்து எழுப்பி வேறு பெஞ்சுக்கு மாற்றிவிடாதீர்கள்.