செவிச்செல்வம்: புதிய ஒலிகளைத் தேடும் வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: சில மாதங்களாக, சூழலோடு கலந்து மெல்ல ஒலிக்கும் ஆம்பியன்ட் இசையைக் கேட்டு வருகிறேன். செயலியில் தேடினால் தூக்கத்துக்கு, தியானத்துக்கு, படிப்புக்கு என்று பெயரிட்ட பிளேலிஸ்டுகளே வருகின்றன. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. இசைத்தவர் யார் என்பதுகூட மனத்தில் நிற்பதில்லை. உலகின் பல பகுதிகளிலிருந்து வரும் புதிய படைப்புகளைக் கண்டறிவது எப்படி?

பதில்: விடையின் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இசைத்தவர் பெயர் மனத்தில் நிற்பதில்லை என்கிறீர்கள். அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்வதிலிருந்துதான் தேடல் தொடங்க வேண்டும். தூக்கத்துக்கு என்று தொகுக்கப்படும் பிளேலிஸ்டில் ஒரு படைப்பை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் எவருக்கும் தெரியக் கூடாது; அந்த அளவுக்கு எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அதன் நோக்கம் நிறைவேறும். செயலியின் அல்காரிதமும் நீங்கள் நேற்றுக் கேட்டதன் நெருங்கிய உறவினரையே இன்றும் அழைத்து வரும். நாம் எதிர்பாராத ஒலி பெரும்பாலும் இன்னொரு மனிதரின் செவி வழியாகவே நம்மிடம் வந்து சேர்கிறது.

ஆகவே, உங்களுக்கு மெய்யாகவே பிடித்த ஒரே ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, அதன் உறைக்குறிப்பை முழுவதும் படியுங்கள். யார் வாசித்தார், யார் பதிவு செய்தார், எங்கே, எந்த லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) வெளியிட்டது என்ற விவரங்கள் ஒவ்வொன்றும் ஒரு கதவு. ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978இல் வெளியிட்ட 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நான்கு ஆல்பங்கள் கொண்ட ஒரு வரிசையின் முதல் எண். இரண்டாவதில் ஹெரால்ட் பட் பியானோ வாசிக்கிறார். மூன்றாவது லாராஜியுடையது, நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் ஜிதர் என்னும் தந்திக்கருவியை வாசித்துக்கொண்டிருந்தபோது அவரை ஈனோ கேட்டார், 1980இல் அந்த ஆல்பம் வந்தது. ஹெரால்ட் பட்டின் பெயரைப் பின்னோக்கித் தொடர்ந்தால், ஈனோ 1975 முதல் 1978 வரை நடத்திய 'அப்ஸ்கியூர்' என்ற சிறிய லேபிளுக்குப் போய்ச் சேருவீர்கள். அது வெளியிட்டவை பத்தே இசைத்தட்டுகள். முதல் தட்டு ஆங்கில இசையமைப்பாளர் கேவின் பிரையர்ஸுடையது. ஒரே ஓர் உறைக்குறிப்பிலிருந்து புறப்பட்டு இத்தனை பேரைச் சந்தித்துவிட்டீர்கள்.

இந்த இசையில் லேபிள் என்பது வெறும் வணிகப் பெயர் அன்று, ஒருவருடைய ரசனையின் கையொப்பம் என்றே சொல்வேன். லண்டனில் 1982 முதல் இயங்கும் 'டச்', வியன்னாவிலிருந்து இயங்கிய 'எடிஷன்ஸ் மேகோ', கொலோனின் 'கொம்பாக்ட்' ஆகியவற்றில் எதையேனும் ஒரு மாதம் தொடர்ந்து கேட்டால், அதை நடத்துபவரின் செவி எப்படிப்பட்டது என்பது பிடிபடும். அதன்பின் அவர் வெளியிடும் அறியாத பெயரையும் நம்பிக் கேட்கலாம். நைரோபியைச் சேர்ந்த கேஎம்ஆர்யூ என்ற இசைக்கலைஞரின் 'பீல்' ஆல்பத்தை 2020இல் பலர் கேட்டதற்கு, அது எடிஷன்ஸ் மேகோ வெளியீடு என்பதும் ஒரு காரணம். நகரத்தின் களப்பதிவுகளை, அதாவது நேரில் சென்று பதிந்த ஒலிகளை, மெல்லிய மின்னணு ஒலிகளோடு இழைத்த அந்த ஆல்பத்தை எந்தத் தூக்கப் பட்டியலிலும் தொலைத்துவிட எனக்கு மனம் வராது.

அடுத்தது வானொலி. 1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்பேஸ்', பிபிசி ரேடியோ 3 1999இல் தொடங்கிய 'லேட் ஜங்ஷன்', லண்டனில் 2011இல் உருவான என்டிஎஸ் இணைய வானொலி ஆகியவற்றில் ஒரு மனிதர் தேர்ந்து, வரிசைப்படுத்தி, ஏன் தேர்ந்தேன் என்பதையும் சொல்கிறார். என்டிஎஸ் தன் பழைய நிகழ்ச்சிகளைப் பாடல் பட்டியலோடு சேமித்து வைத்திருப்பதால், கேட்டுக்கொண்டே பெயர்களைக் குறித்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு மட்டுமன்றித் தேடுவதற்கும் பேண்ட்கேம்ப் தளத்தை நான் முதலில் நாடுகிறேன். அங்கே ஒவ்வோர் ஆல்பத்தின் கீழும் அதை வாங்கியவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றைத் தொட்டால் அந்த மனிதர் சேர்த்து வைத்திருக்கும் இசை முழுவதும் விரியும். எங்கும் பேசப்படாத ஓர் ஆல்பத்தை விலை கொடுத்து வாங்கிய ஒருவரின் சேகரத்தில், உங்களுக்காகவே எடுத்து வைத்ததுபோல இன்னும் நான்கைந்தாவது இருக்கும். நகரத்தின் பெயரையும் 'ட்ரோன்' (நீண்டு நிற்கும் ஒலி), 'ஃபீல்ட் ரெக்கார்டிங்' (களப்பதிவு) போன்ற சொற்களையும் குறிச்சொல்லாக இட்டுத் தேடுவதும் பலன் தரும்.

அல்காரிதத்தைப் பற்றிக் கடுமையாக எழுதிவிட்டதால், அதற்கு நன்றி சொல்ல வேண்டிய ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியத் தாள இசைக்கலைஞர் மிடோரி தகாடாவின் 1983ஆம் ஆண்டு ஆல்பம், வெகுகாலம் ஒரு சிலரே அறிந்த அரிய தட்டாக இருந்தது. யூடியூபின் பரிந்துரை அதை லட்சக்கணக்கானோரிடம் கொண்டுசென்ற பிறகே 2017இல் மறுவெளியீடு கண்டது. ஆனால், யாரோ ஒருவர் முதலில் அந்தத் தட்டைத் தேடிப் பிடித்துப் பதிவேற்றியிருந்ததால்தான் அந்தப் பரிந்துரைக்கே வழி பிறந்தது.

கேள்வி: பரிசோதனை இசை என்றாலே ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர்கள்தாம் அடிபடுகின்றன. மற்ற நாடுகள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டவையா?

பதில்: இல்லை. பதிவு செய்த ஒலியையே மூலப்பொருளாகக் கொண்டு இசையமைக்கும் முறையை, பாரிஸ் வானொலியில் 1948இல் பியேர் ஷேஃபர் தொடங்கியதாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1944இல், கெய்ரோவில் ஹலீம் எல்-டாப் என்ற இளைஞர் கம்பியில் ஒலியைப் பதியும் கருவி ஒன்றை இரவல் வாங்கி, 'ஸார்' என்னும் சடங்கில் பெண்கள் பாடுவதைப் பதிந்து, பிறகு அந்தப் பதிவை எதிரொலி அறைகளில் ஒலிக்கவிட்டு உருமாற்றி ஒரு படைப்பாக்கினார். அதை இன்று கேட்டாலும் அதன் மங்கலான, நெருங்கி வந்து விலகும் குரல்கள் மெய்சிலிர்க்க வைக்கின்றன. வரலாற்றின் முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிலிப்பைன்ஸின் ஹோசே மசேடா, 1974ஆம் ஆண்டின் முதல் நாளில், ஒரே படைப்பின் 20 பகுதிகளை மணிலாவின் வானொலி நிலையங்களிலிருந்து ஒரே நேரத்தில் ஒலிபரப்பச் செய்தார். வெவ்வேறு நிலையங்களுக்குத் திருப்பிய வானொலிப் பெட்டிகளோடு மக்கள் பொது இடங்களில் ஒன்றுகூடினால்தான் இசை முழுமையாகும். 'உக்னாயன்' என்ற அந்தப் படைப்பை, தனியே ஹெட்போனில் கேட்கும் நமக்கு அதன் நிழல்தான் கிடைக்கும், ஆயினும் கேளுங்கள். கொலம்பியாவின் ஜாக்குலின் நோவா, 1972இல் உ'வா பழங்குடியினரின் பாடல்களை மின்னணு முறையில் உருமாற்றி ஒரு படைப்பைச் செய்தார். இந்தியாவிலும் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடரின் துணையோடு, மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் மூக் சின்தசைசர் கொண்ட ஓர் ஒலிக்கூடம் அமைந்தது. அங்கே கீதா சாராபாய் உள்ளிட்டோர் செய்த பதிவுகளைப் பல பதிற்றாண்டுகளுக்குப் பின் இசைக்கலைஞர் பால் பர்காஸ் கண்டெடுத்தார், 2023இல் அவை வெளிவந்தன.

இன்றைக்கு வந்தால், இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவைச் சேர்ந்த செனியாவா என்ற இருவர் குழுவைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் அடித்தொண்டையின் உறுமல் வரை குரலைக் கொண்டுபோகிறார். மற்றவர் மூங்கிலில் தாமே செய்த கருவியை வாசிக்கிறார். 2021இல் 'அல்கிசா' என்ற ஆல்பத்தை ஒரே நிறுவனத்திடம் கொடுக்காமல், உலகின் பல நாடுகளிலுள்ள 40க்கும் மேற்பட்ட சிறு லேபிள்கள் தத்தம் வடிவமைப்பில் வெளியிடும்படி செய்தனர். உங்களுக்கு இதனால் ஒரு நேரடிப் பயன் உண்டு: அந்த லேபிள்களின் பெயர்ப் பட்டியலே வெவ்வேறு நாடுகளில் பரிசோதனை இசையை வளர்ப்பவர்களின் முகவரிப் புத்தகமாகிவிட்டது.

கேள்வி: கேட்க ஆசைதான்; ஆனால் இருபது நிமிடமாகியும் ஒன்றும் நிகழவில்லை என்று தோன்றி நிறுத்திவிடுகிறேன். குறை என்னிடமா, இசையிடமா?

பதில்: இருவரிடமும் இல்லை. அடுத்த திருப்பத்துக்குக் காத்திருக்கும்படி பழகிய செவியோடு கேட்கிறீர்கள். இந்த இசையில் பலவற்றில் திருப்பம் கிடையாது, நிறம் மாறுதல் மட்டுமே உண்டு.

ஈனோ தாமே இதை ஒரு விபத்துக்குப் பிறகுதான் கண்டுகொண்டார். 1975இல் வண்டி மோதிப் படுக்கையில் இருந்தபோது, தோழி ஒருவர் பழைய ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைச் சுழலவிட்டுப் படுத்த பிறகுதான் ஒலியளவு மிகவும் குறைவாக இருப்பதும், ஒரு பக்க ஒலிபெருக்கி இயங்காததும் தெரிந்தன. எழுந்து சரிசெய்ய உடலில் வலுவில்லை. மழையின் ஓசையோடு கலந்து, அதைவிட உரக்க ஒலித்த சில சுரங்கள் மட்டும் காதில் விழுந்தன. அறையின் ஒளியைப் போல இசையும் சூழலில் ஒரு பகுதியாக இருக்கலாம் என்ற எண்ணம் அப்படித்தான் அவருக்குப் பிறந்தது. விமான நிலைய ஆல்பத்தில் குரல்களைப் பதிந்த டேப் வளையங்களின் நீளம் வேண்டுமென்றே பொருந்தாதபடி வைக்கப்பட்டிருக்கிறது: ஒன்று 23½ விநாடிக்கு ஒருமுறை திரும்பி வரும், இன்னொன்று ஏறக்குறைய 26 விநாடிக்கு, மற்றொன்று ஏறக்குறைய 30 விநாடிக்கு. அதனால் அதே குரல்கள் ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் வந்து கூடுகின்றன. இது தெரிந்தபின் மீண்டும் கேட்டுப் பாருங்கள். ஒன்றும் நிகழாத இடத்தில் எவ்வளவு நிகழ்கிறது என்பது புலப்படும்.

எனக்குப் பலன் தந்த வழி இது: ஒரே படைப்பை மூன்று நாள் கேட்பது. முதல் நாள் வேறு வேலை செய்துகொண்டே குறைந்த ஒலியில். இரண்டாம் நாள் விளக்கணைத்துப் படுத்துக்கொண்டு. மூன்றாம் நாள் ஹெட்போனில், ஓர் ஒலியை மட்டும் தேர்ந்து அது மறையும் வரை பின்தொடர்ந்து. மூன்றாம் நாளும் ஈர்க்கவில்லை என்றால் மனக்குறையின்றி விட்டுவிடலாம். அக்கார்டியன் கலைஞர் பாலின் ஒலிவெரோஸும் அவருடைய தோழர்களும் 1988இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், நிலத்தடியில் இருந்த பழைய நீர்த்தொட்டி ஒன்றுக்குள் இறங்கி வாசித்த பதிவு இந்தப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. அங்கே ஓர் ஒலி அடங்க 45 விநாடிகள் ஆகுமாம். ஆகவே அக்கார்டியனில் எழுப்பிய சுரம், அவர் அடுத்ததற்குச் சென்ற பிறகும் சுவர்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. வாசிப்பவர்களும் நம்மைப் போலவே காத்திருந்து கேட்கிறார்கள்.

கேள்வி: விலை உயர்ந்த கருவிகள் தேவையா?

பதில்: தேவையில்லை. ஆனால் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ரடீக் போன்றோரின் படைப்புகளில், ஆழ்ந்த தாழ்சுரங்கள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் மெல்லிய அதிர்வுகளே உயிர். சிறிய ஒலிபெருக்கி அவற்றை எழுப்பாது. சாதாரண ஹெட்போன் ஒன்றே போதும்.

கேள்வி: கேட்பதோடு நிற்காமல் நானும் ஏதாவது செய்ய விரும்புகிறேன். இசைப்பயிற்சி இல்லை.

பதில்: களப்பதிவிலிருந்து தொடங்குங்கள். கைப்பேசியை ஓரிடத்தில் வைத்து, பத்து நிமிடம் பேசாமல், நகராமல் பதிந்து, மறுநாள் அதைக் கேளுங்கள். நீங்கள் அங்கிருந்தபோது காதில் விழாத பல ஒலிகள் பதிவில் இருக்கும். காது விலக்கிவிடுவதை ஒலிவாங்கி விலக்குவதில்லை. ஊடோ நோல் 2006இல் தொடங்கிய 'ரேடியோ அபோரீ' என்ற ஒலி வரைபடத்தில், பல நாடுகளிலிருந்து பலரும் அனுப்பிய இத்தகைய பதிவுகளை, அவை பதிவான இடத்திலேயே புள்ளியாகக் காணலாம். உங்கள் பதிவையும் அதில் சேர்க்கலாம்.

அதற்கு முன் ஒலிக்கலைஞர் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1989இல் செய்த 'கிட்ஸ் பீச் சவுண்ட்வாக்' என்ற படைப்பை ஒருமுறை கேட்டுவிடுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கனடாவின் வான்கூவர் கடற்கரையில் நின்று அவர் நம்மோடு மெல்லிய குரலில் பேசுகிறார். பாறையில் ஒட்டி வாழும் சிறு கடலுயிரிகளான கொட்டலசுகளின் நுண்ணிய சொடுக்கொலியைச் சூழ்ந்து நகரத்தின் இரைச்சல் அலைபோலப் பின்னால் எழுகிறது. ஒலிக்கூடத்தில் அந்த இரைச்சலைத் தாம் குறைப்பதாக அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது தணிகிறது. சொடுக்குகள் பெருகி முன்னால் வருகின்றன. அதை எப்படிச் செய்தார் என்று யோசித்துக்கொண்டே உங்கள் பத்து நிமிடப் பதிவைத் திரும்பக் கேளுங்கள்; எந்த ஒலியை முன்னால் கொண்டுவர வேண்டும் என்பதை உங்கள் காதே சொல்லும்.