மாடியில் 'தடால்!': வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாலு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு படப்புத்தகம் எழுதியிருக்கிறேன். மாடி வீட்டில் தினமும் விதவிதமான சத்தம். கீழ்வீட்டுச் சிறுமி என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறாள். கடைசியில் பார்த்தால், நீர்யானை ஒன்று ஸ்கிப்பிங் ஆடுகிறது! மொத்தம் 900 வார்த்தை. படித்துக் காட்டினால் யாருமே சிரிப்பதில்லையே, ஏன்?

பதில்: நீர்யானைமேல் குற்றமில்லை. 'தடால்!' என்ற சத்தமும் அதைப் போட்ட ஆளும் உங்கள் பிரதியில் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், நீங்கள் வாசித்து முடிக்குமுன் பிள்ளையின் கண் படத்துக்குப் போய்விடும், சிரிப்பு புஸ்ஸாகிவிடும். சத்தம் வலப்பக்கத்தின் கடைசி வரியில் நிற்கட்டும். ஆள் யாரென்பது தாளைத் திருப்பிய பிறகே தெரியட்டும்.

900 வார்த்தை அதிகம். 300 முதல் 500 போதும். "சிவப்புத் தொப்பி போட்ட பக்கத்து வீட்டு மாமா கோபமாக வந்து கதவைத் தட்டினார்" என்பதில் தொப்பி, கோபம், மாமா மூன்றும் படத்திலேயே இருக்கின்றன. 'தட் தட் தட்' மட்டும் மிஞ்சினால் போதும். இன்னும் நல்லது, எழுத்தும் படமும் முரண்படுவது: "மேல்வீட்டில் ரொம்ப அமைதியானவர்கள்" என்று அம்மா சொல்கிறாள், படத்தில் அவள் தலைக்கு மேல் விளக்கு ஊஞ்சலாடுகிறது. அம்மாவுக்குத் தெரியாதது தனக்குத் தெரிகிறது என்பதில்தான் இந்த வயதுக்குக் கொண்டாட்டம். தவறான ஊகம் மூன்றோடு நிறுத்துங்கள். நாலாவதில் சலிப்புத் தட்டும்.

8 ஏ4 தாள்களைச் சேர்த்து நடுவில் மடித்தால் 32 பக்க மாதிரிப் புத்தகம் தயார். தலைப்பும் பதிப்புரிமையும் போக 13 அல்லது 14 இரட்டைப் பக்கம் (விரித்தால் எதிரெதிரே சேர்ந்து தெரியும் இரண்டு பக்கங்கள்) தேறும். முகங்கள் மடிப்பில் விழக்கூடாது, பைண்டிங் விழுங்கிவிடும்; இருபுறமும் ஒன்றரை சென்டிமீட்டர் விடுங்கள்.

உங்கள் கதைக்கு இன்னொரு வழியும் உண்டு. புத்தகத்தைக் காலண்டர் மாதிரி மேல்நோக்கித் திறக்க வையுங்கள். மேல்பக்கம் மாடி, கீழ்ப்பக்கம் சிறுமியின் வீடு, மடிப்பே கூரை! ஆனால் கடைசித் திருப்பம் வரை மாடியில் திரை மூடியே இருக்க வேண்டும். ஐந்தாவது இரட்டைப் பக்கத்தில் திரைக்கு வெளியே ஒரு வால்நுனி தெரியலாம். பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

கேள்வி: அண்டை வீட்டுக்காரரைக் கேலி செய்வது தப்பில்லையா?

பதில்: எதைக் கேலி செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தொந்தி, வழுக்கை, திக்குவாய் வேண்டாம். நடுராத்திரியில் அலமாரியை நகர்த்துகிறாரா, தாராளமாகச் சிரிக்கலாம். அதற்கு அவர் பக்கத்தில் ஒரு காரணமும் வையுங்கள்: அலமாரிக்குப் பின்னால் பூனை மாட்டிக்கொண்டது என்பதுபோல.