கடலூர், பாண்டிச்சேரிக்காரங்க ஏன் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போறாங்க, அந்த ஏர்போர்ட் எப்படி வளந்துச்சு?

கேள்வி: கடலூர், புதுச்சேரி பக்கத்துல இருந்து சிங்கப்பூர், துபாய் போறவங்க நெறைய பேரு சென்னைய விட்டுட்டு திருச்சிக்குப் போறாங்களே, ஏன்? அது எப்படி இவ்ளோ பெரிய ஏர்போர்ட் ஆச்சு? பாண்டிச்சேரி ஏர்போர்ட் ஏன் அப்படி வளரல?

பதில்:

சிதம்பரத்துல சின்னதா டிராவல்ஸ் வச்சு டிக்கெட் போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கேன், என் கடைக்கு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க கேக்குறதே திருச்சி டிக்கெட்தான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

திருச்சி ஏர்போர்ட்ட வளத்தது வேலைக்குப் போன ஜனங்க. தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம், அரியலூர், பெரம்பலூர், நம்ம கடலூர் ஜில்லாவுல காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, பரங்கிப்பேட்டை, விருத்தாசலம், திட்டக்குடி, இந்த ஊர்கள்ல இருந்து கொத்தனாராவும் வெல்டராவும் டிரைவராவும் கடைல நிக்கறதுக்கும் போனவங்க. இதுக்கு அத்தாட்சி வேணும்னா ஒண்ணு பாருங்க, நம்ம நாட்டுல பெரும்பாலான ஏர்போர்ட்ல உள்நாட்டு பயணிங்கதான் ஜாஸ்தி, வெளிநாட்டுக்குப் போறவங்க கம்மி. திருச்சில ரொம்ப வருஷமா அது தலைகீழ். சென்னைக்கும் பெங்களூருக்கும் போற கூட்டத்த விட சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் போற கூட்டம் அதிகம். கோவிட்டுக்கு முன்னாடியே வருஷத்துக்கு 15 லட்சம் பேரத் தாண்டிருச்சு, அதுல பெரும்பங்கு வெளிநாட்டுப் பயணிங்க.

ஏர்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க கடல் தாண்டிப் போய்ட்டுதான் இருந்தாங்க. சென்னைல கெளம்பி நாகப்பட்டினம் வந்து ஆள் ஏத்திக்கிட்டு பினாங்கு, சிங்கப்பூர் போற கப்பல் இருந்துச்சு, ரஜூலான்னு சொன்னா பழைய ஆளுங்க இன்னும் கண்ண விரிப்பாங்க. அதுக்கப்புறம் அந்த ரூட்ல ஓடுன கப்பலுக்கு பேரே எங்க ஊரு பேருதான், எம்.வி. சிதம்பரம். 1985ல அதுல தீப்பிடிச்சு உயிர்ச்சேதமும் ஆச்சு, அதோட அந்த பயணிகள் கப்பல் சர்வீஸே முடிஞ்சுபோச்சு. கப்பல் நின்னதும் போறவங்க போறத நிறுத்திடுவாங்களா, எல்லாரும் பிளைட்டுக்கு மாறுனாங்க, காவிரிக்கரை ஜனங்களுக்குப் பக்கத்துல இருந்த ஏர்போர்ட் திருச்சி.

திருச்சில ரன்வே வந்தது வெள்ளக்காரன் காலத்துலயே. 1930கள் கடைசில டாடா கம்பெனியோட தபால் பிளைட்டு சென்னைல இருந்து திருச்சி வழியா கொழும்பு போச்சு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ராணுவத்துக்கும் பயன்பட்டுச்சு. அதே போர் சமயத்துல நம்ம பக்கம் உளுந்தூர்பேட்டைலயும் ஒரு ரன்வே போட்டாங்க, போர் முடிஞ்சதும் அது அப்படியே கெடக்குது, திருச்சி மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. காரணம் இலங்கைதான்னு நான் நெனைக்கிறேன். திருச்சிக்கு வெளிநாட்டுத் தொடர்பு அந்தப் பக்கம்தான் முதல்ல தொடங்குச்சு, இன்னிக்கும் கொழும்பு பிளைட்டு அங்க முக்கியமான பிளைட்டு. 2025 மார்ச்ல யாழ்ப்பாணத்துக்கும் இண்டிகோவோட சின்ன பிளைட்டு ஆரம்பிச்சாச்சு.

ஆனா உண்மையான பாய்ச்சல் 2000க்கு அப்புறம். இத நெறைய பேரு கவனிக்கல. வெளிநாட்டு ஏர்லைன்ஸ் கம்பெனி நெனச்ச ஊர்ல இறங்க முடியாது, ரெண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எந்தெந்த ஊருக்கு வாரத்துக்கு எவ்ளோ சீட்டுன்னு முடிவு பண்ணணும். அப்போ இந்தியா தென்கிழக்காசிய நாடுகளுக்கு ஒரு சலுக குடுத்துச்சு, 18 சுற்றுலா ஊர்களுக்கு உங்க பிளைட்டு எத்தன வேணாலும் வரலாம்னு. அந்த 18ல திருச்சியும் இருந்துச்சு! சுற்றுலாக்குன்னு குடுத்த சலுகைல வேலைக்குப் போறவன் பலன் அடைஞ்சான். 2008 டிசம்பர்ல மலேசியாவோட ஏர்ஏசியா இந்தியாவுக்கு வந்தப்ப முதல்ல இறங்குன ஊரு டெல்லியும் இல்ல மும்பையும் இல்ல, திருச்சி. பின்னால டைகர் வந்துச்சு (இப்ப அது ஸ்கூட்), மலிண்டோ வந்துச்சு (இப்ப பாத்திக் ஏர்). இந்தப் பக்கம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் சிங்கப்பூரும் துபாயும் ஷார்ஜாவும் ஓட்டுச்சு. போட்டி வந்ததும் ரேட்டு எறங்குச்சு. முன்னாடி ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வந்தவங்க வருஷா வருஷம் பொங்கலுக்கோ நோன்புப் பெருநாளுக்கோ வந்துட்டுப் போனாங்க. லால்பேட்டை, பரங்கிப்பேட்டைல வெளிநாட்டுல இருக்கறவங்கள சபுராளின்னு சொல்லுவாங்க, அந்த வீடுகள்ல பிள்ளைங்க அப்பா முகத்த அடிக்கடி பாக்க ஆரம்பிச்சதே இந்த ரேட்டு எறங்குன அப்புறம்தான்.

2009ல ஒரு புது டெர்மினல் தொறந்தாங்க, 2012 அக்டோபர்ல மத்திய அமைச்சரவை கோயம்புத்தூர், மங்களூர், லக்னோ, வாரணாசியோட சேத்து திருச்சிக்கும் சர்வதேச அந்தஸ்து குடுத்துச்சு. அதுக்கு முன்னாடி வெறும் கஸ்டம்ஸ் ஏர்போர்ட், ஆனா வெளிநாட்டு பிளைட்டு ஏற்கெனவே வந்துபோய்ட்டு இருந்துச்சு, பேரு மட்டும் லேட்டா வந்துச்சு. அந்த 2009 டெர்மினல் சீக்கிரமே பத்தாமப் போச்சு. ராத்திரி ரெண்டு மூணு பிளைட்டு ஒரே நேரத்துல சேந்துட்டா உள்ள நிக்க எடம் இருக்காது, வெளிய வழியனுப்ப வந்த கூட்டம் அத விட ஜாஸ்தி. நம்ம ஜனங்க ஒரு ஆள ஏத்திவிட வேன் புடிச்சு பத்து பேரு வருவாங்க, பாட்டில இருந்து கைக்கொழந்த வரைக்கும். அத யாரும் குத்தம் சொல்லக் கூடாது, ரெண்டு வருஷம் பாக்க முடியாத ஆளு.

கெளம்புறதுக்கு முன்னாடி நாள் என் கடைல பாக்கணும். தொங்கவிட்டு எடை பாக்குற கொக்கித் தராசு ஒண்ணு வச்சிருக்கேன், பெட்டியக் கொண்டுவந்து மாட்டிப் பாப்பாங்க. 30 கிலோன்னா 33 காட்டும். உடனே கடை வாசல்லயே பெட்டியப் பிரிச்சு, அம்மா வச்ச முறுக்கு டப்பாவா, மாமியார் குடுத்த நெத்திலிக் கருவாடான்னு ஒரு பஞ்சாயத்து நடக்கும். கருவாட்ட மூணு பாலிதீன் கவர்ல சுத்தி டேப் ஒட்டி, வாடை வருதான்னு ஒரு ஆளு மோந்து பாத்து, அப்புறம் கயிறு கட்டி, மார்க்கர் பேனாவால பேரும் ஊரும் போன் நம்பரும் பெருசா எழுதுவாங்க. திரும்பி வர்றப்ப அதே மாதிரி பெட்டில கோடாலித் தைலம், பால் பவுடர், கம்பளின்னு வந்து சேரும்.

இப்ப இருக்கற புது டெர்மினலுக்கு 2019 பிப்ரவரில அடிக்கல் நாட்டுனாங்க, 2024 ஜனவரி 2ந்தேதி பிரதமர் தொறந்து வச்சாரு, ஜூன் 11ல இருந்து பயணிங்க பயன்பாட்டுக்கு வந்துச்சு. 1,100 கோடிக்கு மேல செலவு, ரெண்டு அடுக்கு, கூட்ட நேரத்துல மணிக்கு சுமார் 3,500 பேரத் தாங்கும், வருஷத்துக்கு 44 லட்சம் பேரு வரைக்கும்னு கணக்கு. ஸ்ரீரங்கம் கோபுரத்த நெனவுபடுத்துற மாதிரி டிசைன், உள்ள கோயில், கோலம்னு ஓவியங்கள், பாக்க நெஜமாவே அழகா இருக்கு. எனக்குப் புடிச்சது வேற, வரிசைல நிக்கறவங்களுக்கு இப்ப மூச்சு விட எடம் இருக்கு.

ஆனா சந்தோஷப்பட்டுட்டு அப்படியே விட முடியாது, கட்டடம் பெருசாச்சு, வளைகுடாவுக்குப் போறவனோட பிரச்சன அப்படியே இருக்கு. மேல சொன்ன சலுக தென்கிழக்காசியாவுக்குதான், வளைகுடா நாடுகளுக்கு கெடையாது. எமிரேட்ஸ், எதிஹாட், கத்தார் ஒண்ணுமே திருச்சிக்கு வர்றதில்ல, ஒப்பந்தத்துல திருச்சி பேரு சேரல. எமிரேட்ஸ் தமிழ்நாட்டுல சென்னைல மட்டும்தான் இறங்குது. கோயம்புத்தூருக்காவது ஷார்ஜால இருந்து ஏர் அரேபியா வருது. அதனால நம்ம கம்பெனி பிளைட்டு ஓட்டுனாதான் டைரக்ட், 2024ல இண்டிகோ அபுதாபிக்கு ஆரம்பிச்சது கொஞ்சம் ஆறுதல், மத்தபடி கொழும்பு மாறியோ சென்னை, மும்பை மாறியோ போகணும். கேரளாவுல கண்ணூர் ஏர்போர்ட்டுக்கும் இதே கததான், 2018 டிசம்பர்ல தொறந்தாங்க, 3,050 மீட்டர் ரன்வே இருந்தும் வெளிநாட்டுக் கம்பெனி வர அனுமதி இல்ல. அப்படின்னா ரன்வே மட்டும் காரணம் இல்லன்னு தெரியுதுல்ல. சீட்டு கம்மி, ஆளு ஜாஸ்தின்னா ரேட்டு என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, பெருநாள் சமயத்துல டிக்கெட் ரேட்ட சொல்றதுக்கு எனக்கே வாய் வராது, எதிர்ல நிக்கறவரு மாசச் சம்பளம் எவ்ளோன்னு எனக்குத் தெரியும். இந்த ஏர்போர்ட்ட நெரப்புன ஜனங்களுக்கு செய்ய வேண்டிய முதல் காரியம் ஒப்பந்தத்துல திருச்சி பேர சேக்கறதுதான், எம்.பி.க்கள் திரும்பத் திரும்ப கேக்கணும்.

திருச்சி ரன்வேயும் நீளம் பத்தாதுதான், சுமார் 2,480 மீட்டர். ஏர்பஸ் 320, போயிங் 737க்கு ஓகே, பெரிய பிளைட்டுக்கு நீட்டணும், நிலம் எடுக்கற வேல இழுத்துக்கிட்டே போகுது. நீட்டுனா சரக்கும் கூட ஏத்தலாம், இப்பவே காய்கறி, பூவெல்லாம் அங்கருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகுது, நம்ம பண்ருட்டி பலாவுக்கு அது ஒரு நல்ல வழியா இருக்கும்.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை அன்னிக்கு ஷார்ஜா போற பிளைட்டு ஹைட்ராலிக் கோளாறால 141 பேரோட ரெண்டு மணி நேரத்துக்கு மேல வானத்துலயே சுத்துச்சே, எல்லாருக்கும் நெனவிருக்கும். அன்னிக்கு சாயங்காலம் எங்க பக்கம் டிவி ஓடாத வீடே இல்ல. ஷார்ஜால யாராவது இல்லாத தெரு இங்க இல்ல. பத்திரமா எறங்குச்சு, ஓட்டுன பைலட்டுங்களுக்கு கோடி புண்ணியம்.

பாண்டிச்சேரி விஷயம். லாஸ்பேட்டைல இருக்கற ரன்வே 1,500 மீட்டர்தான், ஏடிஆர் மாதிரி எழுபது எம்பது சீட்டு உள்ள பிளைட்டு மட்டும் எறங்கலாம். அதுல துபாயும் சிங்கப்பூரும் போக முடியாது. 2013ல புது டெர்மினல் தொறந்து ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்கு ஓட்டுச்சு, ஒரு வருஷத்துலயே நின்னுச்சு. 2015ல அலையன்ஸ் ஏர் வந்து சில மாசத்துல போச்சு, 2017ல உடான் திட்டத்துல (சின்ன ஊர்களுக்கு கம்மி ரேட்ல பிளைட்டு விடற மத்திய அரசு திட்டம்) மறுபடி ஸ்பைஸ்ஜெட் ஐதராபாத்துக்கு ஓட்டுச்சு, கோவிட்ல நின்னுச்சு, 2022ல மறுபடி, 2024 மார்ச்ல மறுபடி நிறுத்தம், அந்த வருஷம் டிசம்பர் 20ல இருந்து இண்டிகோ பெங்களூரும் ஐதராபாத்தும் ஓட்டுது. நீட்டணும்னா பக்கத்துல தமிழ்நாட்டு நிலம் வேணும், ரெண்டு அரசாங்கம் சேந்து முடிவெடுக்கணும். நெய்வேலிலயும் என்எல்சி ஏர்ஸ்ட்ரிப் இருக்கு, உடான் லிஸ்ட்ல பேரு வந்தும் சர்வீஸ் ஆரம்பிக்கல. சென்னை ஏர்போர்ட் ஈசிஆர்ல மூணு மணி நேரம்னு ஆனதும் பாண்டிச்சேரில டிக்கெட் எடுக்க ஆளும் கம்மிதான்.

கடைசியா யாரு எங்க போறது. பாண்டிச்சேரி, திண்டிவனம் பக்கம்னா சென்னையே போங்க, திருச்சி சுத்து. கடலூர் டவுனுக்கு ரெண்டும் ஏறக்குறைய ஒரே தூரம், ரேட்டயும் பிளைட்டு நேரத்தயும் பாத்து முடிவு பண்ணுங்க, சிங்கப்பூர், மலேசியான்னா திருச்சி, வளைகுடான்னா ரெண்டையும் போட்டுப் பாருங்க. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில்னா திருச்சிதான், இங்கருந்து சுமார் 150 கிலோமீட்டர், சென்னை 200க்கு மேல, மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் வழியா ரோடும் இப்ப நல்லாருக்கு. விருத்தாசலம், திட்டக்குடிக்காரங்க பெரம்பலூர் வழி. பஸ்ல போறவங்க ஒண்ணு கவனிங்க, 2025 ஜூலைல இருந்து திருச்சில பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு, உங்க பஸ்ஸு அங்க நிக்குதா பழைய மத்திய பஸ் ஸ்டாண்டுக்குப் போகுதான்னு கண்டக்டர்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க, பெட்டியத் தூக்கிக்கிட்டு ராத்திரில ரெண்டு தடவ மாறறது கஷ்டம்.